நாய்க்குட்டி மூத்திரம் போக வீட்டுக்குள் விரிக்கிற பேட்: பெட் ஷொப்பில் வாங்குவதா, மருந்துக்கடையில் வாங்குவதா?

கேள்வி, மே 4 (பாலையூற்றிலிருந்து ஒரு வாசகர்)

பெட் ஷொப்பில் விற்கிற நாய் பேடும் பார்மசியில் படுக்கையோடு கிடக்கிற ஆட்களுக்கு விற்கிற விரிப்பும் ஒரே சாமான்தான். உறையில் நாய்ப் படம் அடித்தவுடன் விலை ஏறிவிடுகிறது. இல்லை என்று யாராவது நிரூபியுங்கள் பார்ப்போம்.

மே 4, இரவு

முக்கால்வாசி சரி. இரண்டையும் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன், அம்மா கத்தக் கத்த. மேலே ஈரத்தைக் கீழே விடுகிற மெல்லிய படை, தொட்டால் துணி மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக் நாரில் செய்தது. நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு. அடியில் பொலித்தீன். இது வரைக்கும் இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசம் பஞ்சுக்குள் இருக்கிறது. நல்ல பேடில் பஞ்சோடு பொடிப் பொடி வெள்ளை மணிகள் கலந்திருக்கும். சோடியம் பொலிஅக்ரிலேட் என்று பெயர், குழந்தைகளின் பம்பர்ஸுக்குள் இருப்பதும் அதுவே. மூத்திரம் பட்டதும் ஊதி ஜெல்லியாகிவிடும், பிறகு மிதித்தாலும் லேசில் விடாது. மருந்துக்கடை விரிப்புகளில் சிலவற்றில் இந்த மணி உண்டு, மலிவானவற்றில் வெறும் பஞ்சுதான். வெறும் பஞ்சும் உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் வைத்திருக்காது. நாய் இருந்துவிட்டு அதே இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு காலும் நனைந்துவிடும், அப்புறம் ஹோல் முழுக்க அடிச்சுவடு.

ஆகவே கடையில் நாயா மனுசரா என்று பார்க்காதீர்கள். உள்ளே மணி இருக்கிறதா என்று பாருங்கள். உறையில் எழுதாவிட்டால் ஒன்றைப் பிய்த்து வெள்ளைக் கோப்பைக்குள் உதறினால் தெரிந்துவிடும்.

மே 5

உவர்மலையிலிருந்து ஒருவர்: "ஊரில் மண் இல்லாமலா போயிட்டுது, வெளியில விட்டால் முடிஞ்சுது."

ஐயா, நாங்கள் இருப்பது உப்புவெளியில் ஒரு மேல்மாடி வாடகை வீட்டில். படி இறங்கி, கேற்றைத் திறந்து, ஒழுங்கைக்கு வருவதற்குள் குட்டி படியிலேயே அலுவலை முடித்துவிடும். அதை விடுங்கள். ஊசி முடியாத குட்டியைத் தெரு நாய்கள் போய்வருகிற இடத்தில் இறக்குவது ஆபத்து. குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் பீயோடு மண்ணில் விழுந்தால் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும், பார்த்தால் தெரியாது. குட்டிக்கு 16 கிழமையாவது ஆகி, தொடர் ஊசி முடிகிற வரைக்கும் பொது இடத்தில் விடாதே என்று மிருக வைத்தியர்கள் சொல்வது சும்மா இல்லை. சுற்றுமதில் போட்ட, வேறு நாய் நுழையாத வளவு உங்களுக்கு இருந்தால் பேடே வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள்.

இன்னொன்று, குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணித்தியாலம். இரண்டு மாதக் குட்டியிடம் இரவு முழுக்க எதிர்பார்ப்பது அநியாயம்.

மே 5, கொஞ்சம் பிறகு

திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திரிகிற மான்களுக்கு யார் பேட் விரிக்கிறார்கள் என்று கேட்டவருக்கு: என் வீட்டு மாடிப்படி ஏறி வரட்டும், விரிக்கிறேன்.

மே 9

உறையில் போடுகிற மில்லிலீற்றர் கணக்கைப் பற்றி. அதை நம்பி வாங்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மணி சுத்தமான தண்ணீரில் தன் எடையைப் போல சில நூறு மடங்கு பிடிக்கும். உப்பு கலந்தால் அது பத்தில் ஒரு பங்குக்குக்கூட இறங்கிவிடும். மூத்திரம் உப்புத் தண்ணீர். பைப் தண்ணீரை ஊற்றி எடுத்த கணக்கை உறையில் அடித்திருந்தால் அதற்கும் உங்கள் நாய்க்கும் சம்பந்தம் குறைவு.

சரி, நாய்க்கு எவ்வளவு தேவை? சுகமாக இருக்கிற நாய் ஒரு நாளில் கிலோவுக்கு 20 முதல் 40 மி.லீ. வரை போகும். ஐந்து கிலோ நாயென்றால் முழு நாளுக்கும் 100 முதல் 200 மி.லீ., அதுவும் பல தடவையாகப் பிரித்து. ஒரு தேநீர்க் கிளாஸ் சொச்சம். லீற்றர் கணக்கில் பிடிக்கிற பேட் எதற்கு? எனக்கு வேண்டியது வேகம். ஒரே இடத்தில் விழுவதை எவ்வளவு கெதியாக உள்ளே இழுக்கிறது, மிதித்தால் திரும்பி வருகிறதா, இந்த இரண்டும்தான்.

குசினியில் நான் செய்தது இது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. இளஞ்சூடு இருக்கட்டும். அரைக் கிளாஸ் எடுத்து, பேடின் நடுவில் ஒரே இடத்தில், நாய் போகிற வேகத்தில் ஊற்றுங்கள். மேலே குளமாக நின்று பிறகு இறங்கினால் அது மோசம். கை அகலத்துக்குள் நின்றால் நல்லது, ஓரம் வரை ஓடினால் உள்ளே பஞ்சுதான் அதிகம். ஒரு நிமிசம் விட்டு, வெள்ளை டிஷூவை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். டிஷூ நனைந்தால் உங்கள் மெத்தையும் நனையும்.

நான் பார்த்தவற்றில் தடித்த பேட் எல்லாம் ஜெயிக்கவில்லை. மிக மொத்தமாகப் பொங்கி நின்ற ஒன்று டிஷூவைத் தொப்பலாக நனைத்தது. மெல்லிசாக, கட்டம் கட்டமாக அழுத்தித் தைத்த மாதிரி இருந்த ஒன்று நன்றாகப் பிடித்தது. அந்தக் கட்டங்கள் அழகுக்கு மட்டும் போட்டதில்லை, பஞ்சும் மணியும் ஒரு மூலைக்கு ஒதுங்காமல் நிற்பதற்கும்தான். பேடைத் தூக்கி உதறினால் உள்ளே எல்லாம் அடியில் போய்ச் சேர்கிறதென்றால் வாங்க வேண்டாம்.

மே 10

குட்டி பேடைக் கடித்துப் பிய்த்துவிட்டது, மணி விஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணி விஷத்தன்மை குறைந்த சாமான், வாயில் கொஞ்சம் ஒட்டினால் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது விழுங்கிய பொலித்தீனுக்கும் பஞ்சுக்கும், அதுவும் ஊதுகிற பஞ்சு. குடல் அடைக்கும். துண்டுகளைத் தரையில் அடுக்கிப் பார்த்துப் பெரிய துண்டு காணாமல் போயிருந்தால், அல்லது குட்டி சத்தி எடுத்து, சாப்பாட்டை வேண்டாமென்று சுருண்டு படுத்தால், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

பிய்க்கிற குட்டிக்கு கம்பி வலைத்தட்டு போட்ட தட்டம் ஒன்று விற்கிறார்கள், பேட் வலைக்குக் கீழே போகும். அது இல்லாத காலத்தில் பேடைக் காலியாக இருக்கும்போது சுருட்டி வைத்துவிட்டு, போகிற நேரங்களில் மட்டும் விரியுங்கள். எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும். குட்டி இந்த நேரங்களில்தான் போகும், மணிக்கூடு வைத்த கணக்கு.

மே 17

அளவு. இதில் நான் பிடிவாதக்காரி. 33க்கு 45 செ.மீ. பேட் பொம்மை நாய்க்குத்தான் சரி. நாய் போவதற்கு முன் மோந்து, சுற்றி, இடம் பார்த்து, பிறகு இருக்கும். முன்னங்கால் இரண்டும் பேடில் இருந்தாலே தான் பேடில் நிற்பதாக அதற்கு நினைப்பு, பின்பக்கம் தரையில். குட்டியைத் திட்டாதீர்கள், அது சொன்னபடிதான் செய்தது. 45க்கு 60 குட்டிக் காலத்துக்குப் போதும், வளர்ந்த பிறகு 60க்கு 60 அல்லது 60க்கு 90.

இங்கேதான் மருந்துக்கடை ஜெயிக்கிறது. அங்கே வழக்கமாகக் கிடைப்பது 60க்கு 90. மணி உள்ளதாகப் பார்த்து எடுத்தால் பாலையூற்றுக்காரர் சொன்னது முழுக்கச் சரி என்றே நான் எழுதிவிடுவேன்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, யன்னலைத் திறந்தால் பேட் பறக்கிறது. ஓரத்தில் பிசின் ஒட்டு உள்ளவை கிடைக்கின்றன, ஆனால் எங்கள் தரையின் தூசுக்கு அது இரண்டாம் தடவை ஒட்டாது. டைல்ஸில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு மேலே விரித்துத் தடவிவிடுங்கள், அடிப் பொலித்தீன் பிடித்துக்கொள்ளும். சீமெந்துத் தரையில் இது எடுபடாது, அங்கே நான்கு மூலைக்கும் டேப்தான்.

மே 18

காலைத் தூக்குகிற கடுவனுக்கு என்ன செய்வது? தண்ணீர் நிறைத்த போத்தல் ஒன்றை பேடின் நடுவில் நிறுத்துங்கள், அதில் அடிக்கும். வாசலில் நாய் வராதிருக்கச் சிலர் வைக்கிற அதே போத்தல்தான். யார் சொல்வது உண்மை என்று நாயைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 2

வாசனை போட்ட பேட் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நாயை இழுக்கிற வாசனை தடவியது என்று விற்கிறார்கள். என் வீட்டில் அது நாயை இழுக்கவில்லை. எறும்பு வந்தது. லவண்டர் வாசனை போட்டது இன்னும் மோசம், அது மனுசர் மூக்குக்குச் செய்தது, நாய் ஒரு தரம் மோந்துவிட்டு விறாந்தைப் பக்கம் போய்விட்டது. உங்களுக்கு வேண்டிய வாசனையை உங்கள் நாயே தருகிறது. நனைந்த பழைய பேடில் ஒரு சின்ன இடத்தைப் புதியதன் கீழ் ஒரு நாள் வைத்தால் போதும்.

வீட்டில் கால்மிதி எல்லாவற்றையும் எடுத்து மேலே வையுங்கள். மெத்தென்று, சதுரமாக, தரையில் கிடக்கிற எதுவும் குட்டிக்குப் பேட்தான். எங்கள் வீட்டில் சாமியறை வாசல் மிதி, குளியலறை மிதி, அம்மா இடியப்பம் பிழிய உட்காருகிற பாய், எல்லாவற்றுக்கும் அபிஷேகம் நடந்தது.

பழைய பத்திரிகை போதாதா என்றால், போதும், எங்கள் அப்பா காலத்து நாய்கள் வீரகேசரியிலேயே பழகின. ஆனால் பத்திரிகை உறிஞ்சுவதைவிட ஒழுகவிடுவது அதிகம். இன்னொன்று, பத்திரிகையில் பழகிய நாய் அன்றைய பத்திரிகைக்கும் பழைய பத்திரிகைக்கும் பேதம் பார்க்காது.

ஜூன் 3

அம்மா இதை வாசித்துவிட்டுச் சொன்னது: "நாய்க்கு மூன்று விதப் பாய். எனக்கு மெத்தை மாத்தித் தா எண்டு எத்தனை தரம் கேட்டன்?" இழையில் பதியச் சொன்னார். பதிந்தாயிற்று.

ஜூன் 21

துவைத்துப் போடுகிற துணி பேட். முதலில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை, இப்போது கட்சி மாறிவிட்டேன். மேலே துணி, நடுவில் தடித்த உறிஞ்சு படை, அடியில் தண்ணீர் விடாத பூச்சு. விலை கூடத்தான், ஆனால் இந்தக் கச்சானில் காலையில் துவைத்துப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் காய்ந்து மொறமொறவென்று நிற்கும். நேர் வெயிலில் நாள் முழுக்க விட வேண்டாம், அடிப் பூச்சு வெடிக்கும். துணியை மென்மையாக்குகிற வாசனைத் திரவம் போடவே வேண்டாம், அது நாரில் எண்ணெய்ப் படையாக நின்று உறிஞ்சாமல் செய்துவிடும். போட்டாயிற்று என்றால் இரண்டு மூன்று தரம் வெறும் வோஷிங் பவுடரில் துவைத்து, கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள்.

பிய்க்கிற பருவம் தாண்டாத குட்டிக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். காசு.

ஜூலை 14

கறுப்புக் கரிப் பேட் நல்லதா என்று கேட்டவருக்கு நீண்ட பதில், ஏனென்றால் இந்த இழையில் நான் முக்கியமாக நினைப்பது இதுதான்.

கரி மணத்தைப் பிடிக்கும், அது உண்மை. கறை தெரியாது, அதையும் நல்ல விசயமாகத்தான் விற்கிறார்கள். எனக்குக் கறை தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் நாய் வயதானது, இரவில் பேடில்தான் போகும். ஒரு காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டு, "இஞ்ச வந்து பார் பிள்ளை, இது என்ன நிறம்?" என்று கேட்டார். வெள்ளைப் பேடின் நடுவில் பால் விடாத தேயிலைச் சாயம் போல ஒரு வட்டம், ஓரம் செம்மஞ்சள். நாய் பார்வைக்கு நன்றாகத்தான் நின்றது, கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். உதட்டை விரலால் தூக்கிப் பல் முரசைப் பார்த்தால் வெளிறிப்போய் இருந்தது. காதுக்குள் உண்ணி.

இரத்தம் எடுத்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். பபீசியா என்ற ஒட்டுண்ணி, உண்ணி கடித்து உள்ளே போகும், இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் குடியிருந்து அவற்றை உடைக்கும். உடைந்த அணுவின் நிறம்தான் மூத்திரத்தில் அப்படி இறங்குகிறது. இலங்கையில் நாய்களுக்குச் சாதாரணமாக வருகிற வியாதி, பிந்தினால் ஆளை எடுத்துவிடும். அந்த நாய் தப்பியது. மண்ணில் போகிற நாயாக இருந்திருந்தால் நிறத்தை யார் பார்த்திருப்பார்கள்? கறுப்புப் பேடாக இருந்தாலும் அதே கதைதான்.

நிறம் மட்டும் இல்லை. பேட் தினமும் எத்தனை தரம் நனைகிறது என்பது உங்களுக்குக் கை வந்துவிடும். திடீரென்று வழக்கத்தைவிடப் பெரிய வட்டம், தண்ணீர்க் கோப்பையும் வேகமாகக் காலியாகிறது என்றால் சிறுநீரகம், சீனி வியாதி, கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கர்ப்பப்பையில் சீழ், இவையெல்லாம் வரிசையில் நிற்கும். அடிக்கடி இருந்து சொட்டுச் சொட்டாகப் போனால் அது வேறு, மூத்திரப் பையில் கல்லோ கிருமியோ. கடுவன் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் அது அவசரம், அந்த நேரமே ஓடுங்கள்.

வெள்ளை வாங்குங்கள். மணம் வந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

ஜூலை 15

நான் வைத்தியர் இல்லை. இரவு முழுக்கப் பேட் படம் அனுப்பியவர்களுக்குச் சேர்த்து ஒரே பதில்: மஞ்சள் என்றால் மஞ்சள். இனி அனுப்ப வேண்டாம், நான் சாப்பிடுகிற நேரம்.

ஆகஸ்ட் 11

கிண்ணியாவிலிருந்து நானா ஒருவர், பேட் தவறித் தரையில் போனால் குளோரின் ஊற்றலாமா என்கிறார். நேரே மூத்திரத்தின் மேல் ஊற்றக் கூடாது நானா. மூத்திரத்தில் அமோனியா வரும், அதோடு குளோரின் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கிற புகை கிளம்பும், சின்னக் குளியலறை என்றால் ஆளுக்கே ஆபத்து. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, மாபிள் தரை இல்லாவிட்டால் மட்டும், மாபிளை அது அரிக்கும். நொதியம் போட்ட கழுவும் திரவம் கிடைத்தால் எல்லாவற்றையும்விட அதுதான் மேல், மணத்துக்குக் காரணமானதையே உடைத்துவிடும். அமோனியா கலந்த தரை கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம், நாயின் மூக்குக்கு அது "இங்கே போ" என்ற அறிவித்தல்.

வெறுங்கையால் தொடாதீர்கள் என்று சொன்னவர் சரி. எலிக்காய்ச்சல் நாய் மூத்திரத்திலும் வரலாம். கையில் வெட்டுக் காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.

செப்டம்பர் 6

நனைந்த பேடின் ஜெல்லியை மிளகாய்க் கன்றுக்குப் போடலாமா, தண்ணீர் பிடித்து வைக்குமே என்கிறார் ஒருவர். யோசனை புதிதில்லை, இந்த வகை மணியை அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஆராயத் தொடங்கியதே மண்ணில் ஈரம் நிறுத்தத்தான், பம்பர்ஸுக்குள் அது பிறகுதான் வந்தது. ஆனால் பேடில் இருப்பது சோடியம் வகை, அதற்கு மேல் மூத்திர உப்பு, கன்று கருகும். நாய்ப் புழு முட்டையும் சேர்ந்து வரலாம். தோட்டத்துக்கு விற்கிற ஜெல் வேறு, அதில் பொட்டாசியம்.

நவம்பர் 23

ஜூன் 21இல் எழுதியது கச்சானுக்கு எழுதியது என்று மேலே போட்டுக்கொள்ளுங்கள். மாரி தொடங்கியதிலிருந்து துணி பேட் காயவில்லை. விறாந்தைக் கொடியில் தொங்குகிறது, ஹோலில் மின்விசிறிக்குக் கீழே தொங்குகிறது, வீடு முழுக்க ஈரப் புழுக்க மணம், நாய் அதை மோந்துவிட்டு கொடிக்குக் கீழே தரையிலேயே போகப் பார்க்கிறது. ஆகவே வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை துணி, அதன் பிறகு தை கழியும் வரை எறிகிற பேட். வோஷிங் மெஷினில் பிழிந்தாலும் உள்படை காய்வதில்லை, முயற்சி செய்ய வேண்டாம்.

எறிகிற பேடைக் கழிவறையில் போடாதீர்கள், ஊதி அடைக்கும். எரிக்கவும் வேண்டாம், பிளாஸ்டிக் புகை பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். பீயைக் கழிவறையில் தட்டிவிட்டு, நனைந்த பக்கம் உள்ளே போக இறுக்கி மடித்து, முடிச்சுப் போட்ட பைக்குள். குப்பை ட்ராக்டர் வருகிற காலையில்தான் வெளியே வையுங்கள். முதல்நாள் இரவே வைத்தால் காகமும் தெரு நாயும் பிரித்து மேய்ந்துவிடும், மழைத் தண்ணீரில் ஜெல்லி ஒழுங்கை நீளத்துக்கு ஊதிக் கிடக்கும், யார் வீட்டுப் பேட் என்று எல்லாருக்கும் தெரியும்.

நவம்பர் 24

60க்கு 90ஐ இரண்டாக வெட்டினால் மிச்சம் பிடிக்கலாமா என்றால், வெட்டாதீர்கள். வெட்டிய ஓரத்தால் மணி கொட்டும், அந்தப் பக்கம் ஒழுகும், டைல்ஸில் ஈர மணி மிதிபட்டால் ஆள் விழும். சின்ன நாய்க்கு நடுவால் மடித்து விரித்து, ஒரு பக்கம் நனைந்ததும் மடிப்பை விரித்து மறுபக்கத்தைக் கொடுங்கள். முதல் பக்கத்தின் மணம் கிட்டவே இருப்பதால் இடமும் மாறிப் போகாது.